ஆலோசனை சொல்லாத ஆலோசகர்கள்

ஆடிட்டரிடம் போனால் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சொல்வார். வக்கீலிடம் போனால் வழக்குப் போடலாமா, சமாதானமாகப் போய்விடலாமா என்று சொல்வார். டாக்டரிடம் போனால் மருந்துச் சீட்டு எழுதித் தருவார். காசு கொடுத்து ஒருவரைப் பார்க்கப் போவதே "இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தானே!

ஆனால் இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது. பெயரிலேயே 'ஆலோசகர்' என்று இருக்கும். அதைக் கற்றுக்கொள்ள அமெரிக்காவில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு உண்டு. அந்தப் படிப்பில் பல வருடங்களாக முதல் பாடமே "ஆலோசனை சொல்லாதே" என்பதுதான்! அதுதான் மரபணு ஆலோசனை.

ஒரு குடும்பத்தில் பரம்பரை நோய் இருக்கிறது. அடுத்த குழந்தைக்கும் வருமா? கருவில் இருக்கும்போதே பரிசோதனை செய்யலாமா? அம்மாவுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் மகளுக்கும் வருமா? இந்தக் கேள்விகளோடு வருபவர்களிடம் உட்கார்ந்து பேசுபவர்தான் மரபணு ஆலோசகர். இவர் டாக்டர் அல்ல, சோதனைக்கூட விஞ்ஞானியும் அல்ல. பேச்சுதான் இவருடைய கருவி.

பேசுவதற்கு ஒரு எம்.எஸ்சி. படிப்பா என்று சிரிப்பு வரலாம். அந்தப் படிப்பு ஏன் வந்தது என்ற வரலாற்றைப் படித்தால் சிரிப்பு போய்விடும். ஏனென்றால் இதே வேலைக்கு, இதே போன்ற இளம்பெண்களுக்கு, இதே நியூயார்க் மாநிலத்தில் அதற்கு முன்பே ஒருமுறை பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அது எங்கே போய் முடிந்தது என்பதிலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும்.

முதல் வகுப்பு: 1910

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற ஊர். 1910-ல் அங்கே 'யூஜெனிக்ஸ் பதிவு அலுவலகம்' திறக்கப்பட்டது. நல்ல பரம்பரை உள்ளவர்கள் அதிகம் பிள்ளை பெற வேண்டும், கெட்ட பரம்பரை உள்ளவர்கள் பெறவே கூடாது என்பதுதான் யூஜெனிக்ஸ். அதாவது மனித இனத்தையே மாட்டுப் பண்ணை மாதிரி 'மேம்படுத்தும்' கொள்கை. 1883-ல் இந்தப் பெயரை உருவாக்கியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். அமெரிக்க அலுவலகத்தை நடத்தியவர்கள் சார்லஸ் டேவன்போர்ட் என்ற உயிரியலாளரும் ஹாரி லாஃப்லின் என்பவரும்.

இந்த அலுவலகம் கோடை காலங்களில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. 1910 முதல் 1924 வரை 250-க்கும் மேற்பட்டவர்கள் இதில் 'களப்பணியாளர்' பயிற்சி பெற்றார்கள். பெரும்பாலோர் கல்லூரியில் படித்த இளம்பெண்கள். அந்தக் காலத்தில் படித்த பெண்களுக்கு அறிவியல் துறையில் வேலை கிடைப்பதே அபூர்வம் என்பதால் இது பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது.

அவர்கள் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் வம்சாவளிப் படம் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு குறுக்குக் கோடு, பிள்ளைகளுக்குக் கீழே இறங்கும் கோடு. ஒவ்வொரு சதுரத்திலும் வட்டத்திலும் ஒரு எழுத்து போட வேண்டும். குடிகாரருக்கு ஒன்று, வலிப்பு உள்ளவருக்கு ஒன்று, குற்றவாளிக்கு ஒன்று, 'மந்தபுத்தி'க்கு ஒன்று. வீடு வீடாகப் போய், காப்பகம் காப்பகமாகப் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்து இந்த எழுத்துகளை நிரப்பினார்கள். ஒருவருக்கு மந்தபுத்தி என்று பல நேரம் பார்த்த மாத்திரத்திலேயே முடிவு செய்தார்கள். இறந்துபோன தாத்தாவைப் பற்றி ஊரில் யாரோ சொன்னதும் 'தகவல்' ஆனது.

பரம்பரை என்ற ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்த்தார்கள். கடற்படை அதிகாரிகளுக்கு இருக்கும் கடல் மோகம்கூடப் பரம்பரையாக வருவதுதான் என்று டேவன்போர்ட் 1919-ல் புத்தகமே எழுதினார்!

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நிற்கவில்லை.

கேரி பக் என்ற பெண்

வர்ஜீனியா மாநிலம் 1924-ல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்க முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கேரி பக் என்ற 18 வயதுப் பெண். வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தபோது அந்த வீட்டாரின் உறவினன் ஒருவனால் பலாத்காரம் செய்யப்பட்டு கர்ப்பமானவர். குடும்பம் அவரைக் காப்பகத்தில் தள்ளிவிட்டது. அவருடைய அம்மா ஏற்கெனவே அதே காப்பகத்தில் இருந்தார்.

அம்மாவுக்கு மந்தபுத்தி, மகளுக்கு மந்தபுத்தி என்று அரசுத் தரப்பு சொன்னது. மூன்றாவது தலைமுறைக்கும் அதுவே என்று காட்டிவிட்டால் வழக்கு பலப்படும். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் அலுவலகத்தைச் சேர்ந்த ஆர்தர் எஸ்டாபுரூக் வந்து கேரியின் கைக்குழந்தை விவியனைப் பார்த்தார். குழந்தைக்கு அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. அதுவும் சராசரிக்குக் கீழே என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். லாஃப்லின் கேரியை நேரில் பார்க்காமலேயே எழுத்து மூலம் சாட்சியம் அனுப்பினார்.

1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் கேரிக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. விவியன் பள்ளிக்கூடம் போனாள். நன்றாகப் படித்த மாணவர்களின் பட்டியலில் ஒருமுறை அவள் பெயரும் இடம்பெற்றது. எட்டு வயதில் நோய் வந்து இறந்துபோனாள். மூன்றாம் தலைமுறை மந்தபுத்தி என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட குழந்தையின் கதை இது.

அமெரிக்காவில் இந்த மாதிரிச் சட்டங்களின் கீழ் மொத்தம் 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. லாஃப்லின் எழுதிய மாதிரிச் சட்டம் ஜெர்மனிக்கும் போனது. 1933-ல் நாஜிகள் கொண்டுவந்த சட்டத்துக்கு அதுவும் ஒரு முன்மாதிரி. அங்கே ஏறக்குறைய 4 லட்சம் பேர். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் அலுவலகம் 1939-ல் மூடப்பட்டது.

களப்பணிக்குப் போன பெண்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. நாட்டுக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியில் எதைக் கேட்பது, எப்படி வரைவது என்பதெல்லாம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு மனிதர், அவருக்கும் ஒரு முடிவு இருக்கும் என்பது மட்டும் இல்லை. தகவல் குடும்பத்திடமிருந்து அலுவலகத்துக்குப் போனதே தவிர, குடும்பத்துக்குத் திரும்பி வரவில்லை.

பெயர் வைத்தவர்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லே அவமானமாகிவிட்டது. ஆனால் குடும்பங்களின் கேள்விகள் மட்டும் போய்விடவில்லை. "முதல் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டது. அடுத்ததைப் பெறலாமா?" என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டைட் நிறுவனத்தில் இருந்த ஷெல்டன் ரீட் என்பவர் 1947-ல் இந்த வேலைக்கு 'மரபணு ஆலோசனை' என்ற பொருள்படும் பெயரை முதன்முதலில் வைத்தார். இது ஒருவகைச் சமூகப்பணி, குடும்பத்துக்காகச் செய்வது, இனத்தை மேம்படுத்துவதற்காக அல்ல என்பது அவருடைய விளக்கம். 1955-ல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஆலோசகருக்கு மரபியல் அறிவு மட்டும் போதாது, வருபவர்களின் உணர்வுகள் மீது ஆழ்ந்த மரியாதையும் வேண்டும் என்று அதில் சொன்னார்.

ஆனால் வரலாறு அப்படி ஒன்றும் சுத்தமான கோடு போட்டுப் பிரிந்துவிடவில்லை. டைட் நிறுவனமே, ஹிட்லரைப் பாராட்டி 1933-ல் கடிதம் எழுதிய சார்லஸ் டைட் என்ற யூஜெனிக்ஸ் ஆர்வலரின் உயில் பணத்தில் தொடங்கப்பட்டதுதான். ரீடும் அவருடைய மனைவி எலிசபெத் ரீடும் 1965-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மின்னசோட்டாவின் ஃபேரிபோல்ட் காப்பகத்தில் 1911 முதல் 1918 வரை இருந்தவர்களின் குடும்பங்களைப் பின்தொடர்ந்து எழுதியது அது. அந்தப் பழைய வம்சாவளிப் படங்களை வரைந்தவர்கள் யார்? யூஜெனிக்ஸ் காலத்துக் களப்பணியாளர்களேதான்!

ஆக, பெயர் மாறிவிட்டது, நோக்கமும் பெருமளவு மாறிவிட்டது. ஆனால் அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஒரு வகுப்பு இன்னும் வரவில்லை.

இரண்டாவது வகுப்பு: 1969

இதற்கிடையே அறிவியல் வேகமாக ஓடியது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பது 1956-ல்தான் உறுதியானது. டவுன் சிண்ட்ரோம் வருவது கூடுதலாக இருக்கும் ஒரு குரோமோசோமால் என்பது 1959-ல் தெரிந்தது. 1960-களின் பிற்பாதியில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, கருவின் குரோமோசோம்களைப் பார்க்கும் முறை வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் 1970-ல் கருக்கலைப்பு சட்டப்பூர்வமானது. அதுவரை "வாய்ப்பு இவ்வளவு" என்று மட்டுமே சொல்ல முடிந்த இடத்தில், இப்போது ஒரு தம்பதி சில வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தது.

அவர்களிடம் உட்கார்ந்து பேச டாக்டர்களுக்கு நேரம் இல்லை. மரபியல் தெரிந்த டாக்டர்களே குறைவு.

இந்த இடைவெளியைக் கவனித்தவர் மெலிசா ரிக்டர். நியூயார்க் நகருக்கு வடக்கே பிராங்ஸ்வில்லில் உள்ள சாரா லாரன்ஸ் கல்லூரியில் பணியாற்றியவர். கல்யாணம், குழந்தைகள் என்று படிப்பை விட்டுவிட்டு, பிறகு மறுபடி படிக்க வரும் பெண்களுக்கான திட்டங்களில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. இரண்டு தேவைகளையும் அவர் ஒன்றாக முடிச்சுப் போட்டார். 1969-ல் உலகின் முதல் மரபணு ஆலோசனை முதுகலைப் படிப்பு தொடங்கியது. முதல் அணியில் ஒரு கைப்பிடிப் பேர்தான், எல்லோரும் பெண்கள். 1971-ல் பட்டம் வாங்கினார்கள்.

டாக்டர் பட்டம் இல்லாத ஒருவர் நோயாளிகளிடம் மரபியல் பேசுவதா என்ற சந்தேகம் மருத்துவ உலகில் பலருக்கு இருந்தது. வேலை எங்கே கிடைக்கும் என்று தெரியாமலேயே முதல் அணியினர் படித்தார்கள். இருந்தாலும் ரட்கர்ஸ், கொலராடோ, பெர்க்லி, அர்வைன் என்று 1970-களின் தொடக்கத்திலேயே மற்ற பல்கலைக்கழகங்களும் இதே படிப்பைத் தொடங்கின. ரிக்டர் அந்த வளர்ச்சியை முழுதாகப் பார்க்கவில்லை. 1974-ல் இறந்துவிட்டார்.

1972-ல் பொறுப்பேற்ற ஜோன் மார்க்ஸ் 1998 வரை அந்தப் படிப்பை நடத்தினார். அவர் மரபியல் நிபுணர் அல்ல, மனநலத்துறையில் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர். இதுதான் திருப்புமுனை. குரோமோசோமும் நிகழ்தகவும் மட்டும் படித்தால் போதாது, துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் படிக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தின் எடையையே மாற்றினார்.

கார்ல் ரோஜர்ஸும் வம்சாவளிப் படமும்

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-லும் 1951-லும் எழுதிய புத்தகங்கள் அமெரிக்க ஆலோசனை உலகத்தையே மாற்றியவை. வருபவரை வழிநடத்தாதே, அவரே தன் வழியைக் கண்டுபிடிப்பார், நீ செய்ய வேண்டியது அவரை முழுதாகப் புரிந்துகொண்டு கூட இருப்பது என்பதே அவருடைய கொள்கையின் சாரம். யூஜெனிக்ஸின் நிழலிலிருந்து எப்படியாவது வெளியே வரத் தவித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடைக்குமா? 'வழிநடத்தாமை' மரபணு ஆலோசனையின் தாரக மந்திரம் ஆனது.

வகுப்பில் அதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? மூன்று மாணவிகள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் நோயாளி, ஒருவர் கவனிப்பவர். நோயாளியாக நடிப்பவர் அழுவார், கோபப்படுவார், பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆலோசகர் அதற்கு ஏற்றபடி பேச வேண்டும். முடிந்ததும் கவனித்தவர் சொல்வார்: "அவங்க அழ ஆரம்பிச்சதும் நீ உடனே பர்சென்டேஜ் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டே." முதல் செமஸ்டரில் எல்லோரும் செய்யும் தவறு இது. மௌனம் தாங்க முடியாமல் தகவலை அள்ளிக் கொட்டுவது!

வம்சாவளிப் படம் இப்போதும் உண்டு. அதே சதுரம், அதே வட்டம். ஆனால் "உங்கள் தம்பி எந்த வயதில் இறந்தார்?" என்று கேட்டுவிட்டு, பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது என்று சொல்லித் தருகிறார்கள். பேனாவைக் கீழே வைக்க வேண்டிய நேரம் எது என்று தெரிய வேண்டும். 1910 வகுப்புக்கும் 1969 வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பேனாவில்தான் இருக்கிறது.

அடுத்தது எண்களைச் சொல்லும் கலை. அப்பா, அம்மா இருவரும் ஒரே நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. "நாலில் ஒன்று" என்றதும், "ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குக் கவலை இல்லை" என்று புரிந்துகொள்ளும் தம்பதிகள் உண்டு. நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது என்பதை அவர்கள் மனம் புண்படாமல் விளக்க வேண்டும். அதே எண்ணை "75% வராது" என்றும் சொல்லலாம். எதை முதலில் சொல்வது? எதை முதலில் சொன்னாலும் அது ஒரு பக்கம் தள்ளுவதுதானே? அதனால் இரண்டையும் சொல்லப் பழக்குகிறார்கள்.

நம்மூருக்கு நெருக்கமான ஓர் உதாரணம். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து? அமெரிக்க மரபணு ஆலோசகர்கள் சங்கத்தின் பணிக்குழு 2002-ல் இதற்கு ஒரு பதில் வெளியிட்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இருக்கும் 3 முதல் 4% ஆபத்தோடு, கூடுதலாக ஏறக்குறைய 1.7 முதல் 2.8%. (இது அத்தை, மாமன் பிள்ளைகளுக்கான கணக்கு மட்டுமே. தாய்மாமனைக் கட்டுவது இன்னும் நெருங்கிய உறவு, அதற்கு இது பொருந்தாது.) இதை "ஆபத்து ஒன்றரை மடங்குக்கு மேல்" என்றும் சொல்லலாம், "நூற்றில் 93-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினை இருக்காது" என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் கேட்கும் இருவர் வெவ்வேறு வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள்.

பேசத் தெரியாமல் பரிசோதித்தால் என்ன ஆகும்?

இதற்கு விடை அதே 1970-களின் தொடக்கத்திலேயே கிடைத்தது. சிக்கிள் செல் எனப்படும் ரத்தநோய் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் அதிகம். நோய் இருப்பவர்கள் குறைவு. நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர். பல மாநிலங்கள் அவசர அவசரமாகக் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்கள் போட்டன. ஆனால் முடிவை எப்படி விளக்குவது, யார் விளக்குவது என்று யோசிக்கவே இல்லை.

விளைவு? சுமப்பவருக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லோரும் குழம்பினார்கள். ஆரோக்கியமான மனிதர்களுக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. அமெரிக்க விமானப்படை அகாடமி சுமப்பவர்களை 1981 வரை சேர்த்துக்கொள்ளவே இல்லை. நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், சுமப்பவர்களின் நெற்றியில் பச்சை குத்திவிடலாம் என்று 1968-ல் எழுதியிருந்தார்! அவ்வளவு பெரிய அறிவாளிக்கும் எதிரே இருக்கும் மனிதரின் நெற்றி ஒரு படிவமாகத்தான் தெரிந்திருக்கிறது.

1972-ல் வந்த மத்திய சட்டம், பரிசோதனை விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும், ஆலோசனையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற திசையில் திரும்பியது. சாரா லாரன்ஸ் மாணவிகளின் படிப்பு ஆடம்பரம் அல்ல என்பது இப்படித்தான் நிரூபணமானது.

மந்திரம் மட்டும் போதுமா?

காலப்போக்கில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. 'வழிநடத்தாதே' என்பது வெறும் தடையாகச் சுருங்கிவிட்டது. கண்ணீரோடு ஒரு தாய், "என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "அது உங்கள் முடிவு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது பழக்கமானது. அது மரியாதையா, கைவிடுவதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் முக்கியமானவர் செய்மூர் கெஸ்லர். மரபியலும் உளவியலும் அறிந்தவர், பெர்க்லி படிப்போடு தொடர்புடையவர். ஆலோசனை அறையில் உண்மையில் பேசப்படுவதை வரிவரியாக எழுத்தில் எடுத்து 1980-களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தார். 1997-ல் எழுதிய கட்டுரைகளில் பிரச்சினையை உடைத்துச் சொன்னார். பாடம் நடத்துவது வேறு, ஆலோசனை வேறு. பல ஆலோசகர்கள் நல்ல ஆசிரியர்களாக இருக்கிறார்கள், ஆனால் ஆலோசனைத் திறனில் போதிய பயிற்சி இல்லை. வழிநடத்தாமை என்பது சும்மா இருப்பது அல்ல, எதிரே இருப்பவர் தன் காலில் நின்று யோசிக்கும்படி செய்யும் சுறுசுறுப்பான வேலை. அதற்குத் திறமை வேண்டும், திறமைக்குப் பயிற்சி வேண்டும்.

ஆக, அந்தத் தாயின் கேள்விக்கு என்ன பதில்? இப்போதைய வகுப்புகளில் இது ஒரு முழுப் பாடம். முதலில் அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறார்கள். பயமா? தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே என்ற பாரமா? வீட்டில் மாமியார் ஒன்று சொல்கிறாரா, கணவர் ஒன்று சொல்கிறாரா? "இந்த முடிவைத் தனியாகச் சுமப்பது போல இருக்கிறதா?" என்று ஆலோசகர் கேட்டால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். அரை மணி நேரம் கழித்து அந்தத் தாய்க்கே தன் பதில் தெரிந்திருக்கும். அது ஆலோசகர் எதிர்பார்த்த பதிலாக இல்லாமலும் இருக்கலாம்.

படிப்பின் விதிகளும் இதற்கு ஏற்ப மாறின. 1993-ல் மரபணு ஆலோசகர்களுக்கென்றே தனிச் சான்றிதழ் வாரியம் செயல்படத் தொடங்கியது. 1996-ல் ஒரு பட்டதாரிக்கு இருக்க வேண்டிய 27 திறன்கள் பட்டியலிடப்பட்டன. அவை எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுக்கப்படவில்லை, உண்மையான ஆலோசனைச் சம்பவங்களை அலசி எடுக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது. மேற்பார்வையாளர் கூட இருக்க, குறைந்தது 50 அமர்வுகளில் பங்கெடுக்காமல் இன்று யாரும் பட்டம் வாங்க முடியாது. 2003-ல் மின்னசோட்டாவைச் சேர்ந்த மூன்று பேர் பயிற்சிகள் நிறைந்த ஒரு கையேட்டை வெளியிட்டார்கள். ஷெல்டன் ரீட் பெயர் வைத்த அதே பல்கலைக்கழகம்! அதன் ஆசிரியர்களே 2007-ல், தகவலும் உறவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற புதிய மாதிரி ஒன்றையும் முன்வைத்தார்கள். 'ஒதுங்கி நில்' என்பதன் இடத்தில் 'கூடவே இரு' வந்தது எனலாம்.

இன்னும் தீராத கணக்கு

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் தரப்பிலிருந்து ஒரு வலுவான கேள்வி வந்தது. பார்வையற்ற அறிஞரான ஏட்ரியன் ஆஷ் 1990-களில் இதை அழுத்தமாக எழுதினார். டவுன் சிண்ட்ரோம் பற்றி மருத்துவச் சிக்கல்களை மட்டும் வரிசையாக அடுக்கிவிட்டு, "முடிவு உங்களுடையது" என்றால் அது நடுநிலையா? அந்தக் குழந்தைகள் வளர்வதும், பள்ளிக்குப் போவதும், சிரிப்பதும் அந்தப் பட்டியலில் ஏன் இல்லை?

இதில் நியாயம் இருந்தது. 2008-ல் அமெரிக்க அரசு, இப்படிப்பட்ட பரிசோதனை முடிவு வரும் பெற்றோருக்குச் சமநிலையான, புதிய தகவல் கிடைக்க வேண்டும் என்று ஒரு சட்டமே கொண்டுவந்தது. மாணவர்களை ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பாமல், இந்த நிலைகளோடு வாழும் மனிதர்களையும் குடும்பங்களையும் சந்திக்க அனுப்புவதும் பல படிப்புகளில் பயிற்சியின் பகுதி ஆனது. படத்தில் கறுப்பு அடித்த வட்டத்தை மட்டும் பார்த்த மாணவி, அந்த வட்டத்தின் வீட்டில் காபி குடித்துவிட்டு வருவாள்.

இன்னொரு குறை, இந்தத் தொழிலில் இருப்பவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். தன்னைப் போல இல்லாதவரிடம் பேசும் திறன்தான் இந்தப் படிப்பின் உயிர் என்றால், இது சின்ன விஷயம் அல்ல.

கடைசியாக

ஒரு கைப்பிடிப் பெண்களோடு தொடங்கிய தொழிலில் இன்று அமெரிக்காவில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் இன்னும் மிகச் சிலரே. 1994-ல் வந்த கருநிலைப் பரிசோதனை ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே 'மரபணு ஆலோசனை மையம்' என்ற சொல் இருக்கிறது. மையத்தைச் சட்டத்தால் பதிவு செய்துவிடலாம். ஆனால் அந்த அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கும் ஆளை வகுப்பில்தான் உருவாக்க முடியும்.

தமிழில் 'ஆலோசனை' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, இப்படிச் செய் என்று சொல்வது. இன்னொன்று, சேர்ந்து உட்கார்ந்து யோசிப்பது. "ஆலோசனை நடத்தினார்கள்" என்கிறோமே, அது. 1910-ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் படித்தவர்களுக்கு முதல் அர்த்தம்கூடத் தேவைப்படவில்லை, உத்தரவே போதுமாக இருந்தது. 1969-க்குப் பிறகு வந்தவர்கள் கஷ்டப்பட்டு, தப்புச் செய்து, திருத்தி, இரண்டாவது அர்த்தத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ரத்தப் பரிசோதனை இன்னும் மலிவாகும், ரிப்போர்ட் கைப்பேசிக்கே வரும். அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் இரவு முழுக்கத் தூங்காமல் இருப்பார். மறுநாள் காலையில் அவர் எதிரே யார் உட்காரப் போகிறார்கள், அவருக்கு என்ன பயிற்சி கிடைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கேரி பக்கின் எதிரே உட்கார்ந்தவர்களுக்கும் பயிற்சி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.